கடலூரிலிருந்து பாண்டிக்கு ஒருநாள் ரக்பி: இரண்டு முறை திண்டாடியவன் எழுதும் வழிகாட்டி

என் தங்கை மகன் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறான். பத்து வயதிலிருந்து எங்கள் தெருவில் கபடி ஆடியவன், கல்லூரிக்குப் போன முதல் வருடமே ரக்பி குழுவில் சேர்ந்துவிட்டான். "ஞாயித்துக்கிழமை மேட்ச் மாமா, அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்று போன் செய்தான். கடலூர் முதுநகரிலிருந்து பாண்டி என்ன, முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று நினைத்துக் கிளம்பினோம்.

முதல் முறை ஆட்டத்தையே பார்க்கவில்லை. இரண்டாம் முறை பார்த்தோம், ஆனால் வீடு வந்து சேர இரவு பதினொன்று ஆகிவிட்டது. மூன்றாம் முறைதான் ஒழுங்காகப் போய் வந்தோம். உங்கள் பையனோ பெண்ணோ இப்படி ஒரு குழுவில் சேர்ந்திருந்தால், அல்லது சும்மா ஒருநாள் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தால், நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த ரக்பி என்று முதலில் கேளுங்கள்

நோட்டீஸில் 'ரக்பி' என்று மட்டும்தான் இருக்கும். ரக்பி என்பது ஒரே ஆட்டம் இல்லை. அணிக்குப் பதினைந்து பேர் ஆடுவது யூனியன். அதிலேயே ஏழு பேர் ஆடும் சின்ன வடிவம் செவன்ஸ். ஒலிம்பிக்கில் 2016-லிருந்து இருப்பது இதுதான். பதிமூன்று பேர் ஆடுவது லீக். அது தனி ஆட்டம், தனி விதி. ஆஸ்திரேலியாவிலும் வட இங்கிலாந்திலும் பிரான்சின் தெற்கிலும் அதற்கு ஊர் ஊராகக் குழுக்கள் உண்டு. நம் பக்கத்தில் அமெச்சூர் ஆட்டம் என்றால் பெரும்பாலும் செவன்ஸ்தான் பார்ப்பீர்கள்.

இது தெரியாமல் நான் நாலு ராத்திரி உட்கார்ந்து ஆஸ்திரேலியா வீடியோக்களாகப் பார்த்தேன். எல்லாம் லீக். ஆறு பிடிக் கணக்கு, ஒரு ட்ரைக்கு (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால்) 4 புள்ளி, நாற்பது நாற்பது நிமிடமாக 80 நிமிட ஆட்டம் என்று மனப்பாடம் செய்து, தங்கைக்கும் தெருப் பையன்களுக்கும் வகுப்பே எடுத்துவிட்டேன். மைதானத்தில் உட்கார்ந்து "மூணாவது பிடி, நாலாவது பிடி" என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தபோது, மருமகன் தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, அது லீக். நாங்க ஆடுறது செவன்ஸ். இதுல எண்ணிக்கையே கிடையாது."

உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லீக்கில் பந்து வைத்திருக்கும் அணியை ஆறு முறை மடக்கினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது பிடி முடிந்ததும் பெரும்பாலும் தூர உதைத்துவிடுவார்கள். மடக்கப்பட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னே உருட்டுவார். எதிரணி 10 மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும். ஒரு ட்ரைக்கு 4, அதன் பிறகு கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 2.

செவன்ஸில் ட்ரைக்கு 5, அதன் பிறகான உதைக்கு 2. விழுந்தவர் பந்தை விட்டுவிட வேண்டும். அதன்மேல் இரண்டு பக்கமும் நின்று முட்டித் தள்ளி யார் எடுக்கிறார்களோ அவர்களுக்குப் பந்து. எண்ணிக்கை இல்லை. ஒரு பாதி 7 நிமிடம், இடைவேளை 2 நிமிடம். அதாவது மொத்த ஆட்டமே 14 நிமிடம். இந்த எண்ணை மறக்காதீர்கள். கீழே வரும் பாதித் தொல்லைகளுக்கு இதுதான் காரணம்.

இரண்டுக்கும் பொதுவானது: கையால் முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான். பந்து கை தவறி முன்னால் விழுந்தாலும் தவறு. தோளுக்கு மேல் பிடிக்கக் கூடாது. கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு மற்றதெல்லாம் ஆட்டம் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

2. நோட்டீஸை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள்

அமெச்சூர் ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லை, முன்பதிவு இல்லை, விசாரிக்க ஒரு கவுன்டர் கிடையாது. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு படம்தான் அறிவிப்பு. அதில் தேதி சரியாக இருக்கும். இடமும் நேரமும் மாறலாம்.

எங்களுக்கு முதல் முறை நடந்தது இதுதான். படத்தில் உப்பளம் என்று இருந்தது. எட்டு மணி ஆட்டத்துக்கு ஏழரைக்கே உப்பளம் மைதானத்தில் இறங்கிவிட்டோம். உள்ளே தடை தாண்டி ஓடும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ரக்பி என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மருமகனுக்கு அடித்தால் எடுக்கவில்லை. ஆடப் போகிறவன் போனைப் பையில் போட்டு வைத்திருப்பான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. எட்டு மணிக்கு மேல் அவனுடைய நண்பன் ஒருவன் எடுத்தான். ஆட்டம் லாஸ்பேட்டைப் பக்கம் மாறியது முந்தின நாள் இரவு பத்து மணிக்காம். ஆட்டோ பிடித்து, பேரம் பேசி, வழி விசாரித்து, மைதானம் போய்ச் சேர்ந்தபோது பையன்கள் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் 14 நிமிடம். நாங்கள் பேரம் பேசிய நேரமே அவ்வளவு இருக்கும்.

ஆகவே, ஆடாத ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள். கோச், மேனேஜர், காயத்தால் வெளியே உட்கார்ந்திருக்கும் பையன், யாராக இருந்தாலும் சரி. அவரிடம் நாலு கேள்வி: எந்த மைதானம், எந்த கேட் வழியாக, நம் அணியின் முதல் ஆட்டம் எத்தனை மணிக்கு, அதற்கடுத்தது எப்போது. செவன்ஸில் ஓர் அணி ஒரே நாளில் மூன்று நாலு ஆட்டம் ஆடும், நடுவே ஒரு மணி, இரண்டு மணி இடைவெளி விழும். ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்தது உண்டு. இது எங்களுக்கு அன்று தெரிந்திருந்தால் கோபித்துக்கொண்டு வீடு திரும்பியிருக்க மாட்டோம்.

இரண்டு முறை போன் செய்யுங்கள். முந்தின நாள் இரவு ஒன்று, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒன்று. லொகேஷனை அனுப்பச் சொல்லுங்கள். 'மைதானம்' என்று பெயர் சொன்னால் பாண்டியில் ஆளுக்கு ஓர் இடம் காட்டுவார்கள்.

3. தேதி பார்ப்பது

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்குமேல் திறந்த மைதானத்தில் குழந்தைகளோடு உட்கார முடியாது. ஐப்பசி கார்த்திகை மழையில் அறிவிப்பு வந்தாலும், மைதானத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

நம் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டிய இரண்டு நாட்கள் தனியாக உண்டு. ஒன்று தை 5, ஆற்றுத் திருவிழா. அன்று பெண்ணையாற்றங்கரையில் சாமிகளும் சனமும் கடைகளும் சேர்ந்து பாலத்துப் பக்கம் வண்டி நகராது. இன்னொன்று மாசி மகம். இங்கே தேவனாம்பட்டினம், அங்கே வைத்திக்குப்பம், இரண்டு முனையிலும் கூட்டம். இந்த நாட்களில் ஆட்டம் விழுந்தால் விடியற்காலையிலேயே பாலத்தைத் தாண்டிவிடுங்கள், அல்லது அந்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையானால் பாண்டியில் மகாத்மா காந்தி சாலையில் சண்டே மார்க்கெட். வரைபடம் அந்த வழியைக் காட்டினாலும் அதில் நுழையாதீர்கள். ஒரு முறை நுழைந்து, இரண்டு பக்கமும் நைட்டியும் செருப்பும் குவிந்து கிடக்க நடுவில் இடித்துக்கொண்டு நடந்து போனோம். தங்கை அதிலும் ஒரு நைட்டி வாங்கினாள்.

4. காகிதங்கள்

ஆட்டம் பார்க்க ஒரு காகிதமும் வேண்டாம். போக வரத்தான் வேண்டும்.

பைக், கார் என்றால் ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். ஆனால் பகல் முழுக்க வீடியோ எடுத்து மாலையில் போன் அணைந்துவிடும், அதனால் ஒரு ஜெராக்ஸ் செட் வண்டியிலேயே கிடக்கட்டும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி வளாகத்துக்குள் ஆட்டம் என்றால் கேட்டில் வாட்ச்மேன் பெயர், ஊர், யாரைப் பார்க்க என்று நோட்டில் எழுதச் சொல்வார், அடையாள அட்டை கேட்பார். ஒரு ஆதாரோ வாக்காளர் அட்டையோ பெரியவர் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். ஆடும் பிள்ளையின் முழுப் பெயர், வகுப்பு, துறை தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செல்லப் பெயரைச் சொன்னால் உள்ளே விட மாட்டார்கள். தங்கை "எங்க சின்னாவோட மேட்ச்" என்று சொல்லிப் பார்த்தாள், பலிக்கவில்லை.

அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: ஒரு வெள்ளைத்தாளில் பிள்ளையின் பெயர், வயது, அப்பா அம்மா போன் எண், ரத்த வகை, எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். "நம்ம பக்கத்து வீடுதானே" என்று நினைக்காதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு எட்டுப் பெற்றோர் ஒரே நேரத்தில் போன் செய்தபோதுதான் அந்தத் தாளின் அருமை எனக்குத் தெரிந்தது.

5. எதில் போவது, எவ்வளவு ஆகும்

ரயிலை நினைக்காதீர்கள். கடலூரிலிருந்து பாண்டிக்கு நேர்த் தடம் கிடையாது, விழுப்புரம் சுற்றித்தான் போக வேண்டும்.

இரண்டு மூன்று பேர் என்றால் பஸ்தான் நல்லது. திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் விடியற்காலையிலிருந்தே பாண்டி பஸ் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், அரசு பஸ்ஸும் தனியாரும். ஒருவழிக்கு ஆளுக்கு 50 ரூபாய்க்குள் முடியும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று பழகிவிட்டோம், பாண்டி போகும் மொஃபசல் பஸ்ஸில் அது கிடையாது. காலையில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஒன்பது மணிக்குமேல் கிளம்பினால் தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று நின்றுதான் போகும், ஒன்றரை மணி ஆகலாம்.

எங்கே இறங்குவது என்பது மைதானத்தைப் பொறுத்தது. உப்பளம் என்றால் பேருந்து நிலையம்வரை போக வேண்டிய அவசியமில்லை, முதலியார்பேட்டைப் பக்கம் இறங்கி ஆட்டோவில் போய்விடலாம். ஆனால் கடலூர் சாலை ரயில்வே கேட் சாத்தியிருந்தால் பொறுமையாக நிற்க வேண்டும். லாஸ்பேட்டை என்றால் பேருந்து நிலையத்தில் இறங்கி வடக்கே போக வேண்டும். பாண்டி ஆட்டோவில் ஏறும் முன் பேசிவிடுங்கள். ஏறிய பிறகு பேசுவது பேச்சே இல்லை. தனி ஆட்டோ கட்டுப்படியாகாது என்றால் ஆள் சேர்த்துப் போகும் டெம்போ ஓடுகிறது, மிகக் குறைந்த காசு. "லாஸ்பேட்டை போகுமா" என்று கேட்டு ஏறுங்கள்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்ரோலை இங்கே நிரப்பாதீர்கள், கன்னியகோவில் தாண்டிப் போடுங்கள். பாண்டியில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. நகருக்குள் ஒருவழிப் பாதைகள் ஏராளம், பலகையைப் பார்த்து ஓட்டுங்கள்.

கும்பலாகப் போனால் வேன். இரண்டாம் முறை நான், தங்கை, பதினோரு பையன்கள், ஆகப் பதிமூன்று பேர். வேனுக்குப் பகல் வாடகை 5,500 ரூபாய் பேசினேன், டீசல் உள்பட. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். மலிவாகத் தருவார்கள், வழியில் பிடித்தால் வண்டியும் நிற்கும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும். மஞ்சள் போர்டு, பாண்டிக்குள் போகப் பெர்மிட், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எல்லாம் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பெர்மிட் செலவு யார் தலையில் என்பதையும் அப்போதே பேசுங்கள். காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் காசு கேட்பாரா என்பது அடுத்த கேள்வி. ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்பது கடைசிக் கேள்வி. அதை நான் கேட்கவில்லை. அதன் விளைவு எட்டாவது படியில் வருகிறது.

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு: வேன் 5,500, காலை டிபன் 780, மதியம் 1,430, தண்ணீர் கேன் இரண்டு, மோர், வாழைப்பழம் எல்லாம் சேர்ந்து 400 சொச்சம். மூன்றாம் முறை நானும் தங்கையும் மட்டும் பஸ்ஸில் போனோம். சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது.

6. மைதானத்தில் எங்கே உட்காருவது, எப்படிப் பார்ப்பது

கம்பத்துக்குப் பின்னால் உட்காராதீர்கள். உதைத்த பந்து அங்கேதான் வரும். அது உருண்டைப் பந்து இல்லை, பண்ருட்டிப் பலாப்பிஞ்சு மாதிரி இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும், தரையில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று கடவுளுக்கே தெரியாது. எங்கள் சாம்பார் தூக்கில் ஒரு முறை வந்து விழுந்தது. பக்கவாட்டுக் கோட்டுக்கு ஐந்தாறு மீட்டர் தள்ளி, நடுவில் உட்காருங்கள். காலை ஆட்டம் என்றால் சூரியனுக்கு முதுகு காட்டும் பக்கம். தார்ப்பாயோ பழைய போர்வையோ எடுத்துப் போங்கள், கேலரி எல்லா மைதானத்திலும் இருக்காது.

முதல் முறை பார்க்கும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் பார்க்கும்போது கேட்காத சத்தம் ஒன்று பக்கத்தில் கேட்கும். தங்கை மகன் பந்தை மாரோடு அணைத்துக்கொண்டு ஓரக்கோட்டை ஒட்டி எங்கள் பக்கமாக ஓடி வந்தான். எதிரணிப் பையன் ஒருவன் குனிந்து, தோளை அவன் இடுப்பில் கொடுத்து, இரண்டு தொடையையும் சேர்த்துக் கட்டினான். ஈரத்துணி மூட்டையைத் துவைக்கும் கல்லில் போட்டாற்போல் ஒரு சத்தம். இருவரும் எங்களுக்கு நாலடி தூரத்தில் விழுந்தார்கள், புழுதி எங்கள் முகத்தில். தங்கை எழுந்துவிட்டாள். "டேய், விடுடா அவன! விடுடா!" அந்தப் பையன் படுத்த வாக்கில் அவளைப் பார்த்து, "சாரி ஆன்ட்டி" என்றான். அப்புறம் இவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டுவிட்டு ஓடினான். எங்கள் தெருப் பையன்கள் மட்டும் "செம தொடைப் பிடி" என்று கை தட்டினார்கள்.

எது நடந்தாலும் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடாதீர்கள். காயம் பட்டால் நடுவர் நிறுத்துவார், முதலுதவி ஆள் போவார். தலையில் அடிபட்டு மயங்கினாலோ, தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ அந்தப் பிள்ளை அன்று மறுபடி ஆடக் கூடாது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவன் சொன்னாலும் கேட்காதீர்கள், கோச்சிடம் சொல்லி உட்கார வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு அங்கேயும் 108தான்.

நடுவரைத் திட்டாதீர்கள். கபடியில் கோட்டைச் சுற்றி நின்று அம்பயரோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள் நாம். இங்கே அது பெரிய அவமரியாதை. நடுவரிடம் கேப்டன் ஒருவர்தான் பேசுவார், அதுவும் 'சார்' போட்டு. நாம் கத்தினால் நம் பிள்ளைக்குத்தான் தலைக்குனிவு.

ஆட்டங்களுக்கு நடுவே வரும் இரண்டு மணி இடைவெளியை என்ன செய்வது என்று கவலைப்படாதீர்கள், பாண்டியில் பேச்சுத் துணை கிடைக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் குடையோடு உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாண்டியில் இவர்களைச் சொல்தா என்பார்கள். பதினைந்து வருடம் பிரான்சின் தெற்கே இருந்தாராம். நான் நாலு ராத்திரி பார்த்த லீக் ஆட்டத்தை அவர் நேரிலேயே பார்த்திருக்கிறார். பெர்ப்பிஞ்ஞான், கார்கசோன், துலூஸ் பக்கமெல்லாம் பதிமூன்று பேர் ஆட்டத்துக்குக் குழுக்கள் இருக்கின்றன; அங்கே அதை 'ட்ரேஸ்' என்றுதான் சொல்வார்களாம், பிரெஞ்சில் பதிமூன்று. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டு முடிச்சிட்டு ஊரே கம்பி வேலிய புடிச்சிகிட்டு நிக்கும் தம்பி. ஆடுறவன்ல ஒருத்தன் ரொட்டிக் கடைக்காரன், ஒருத்தன் வாத்தியாரு. திங்கட்கிழமை ரொட்டி வாங்கப் போனா மூக்குல பிளாஸ்திரியோட நிப்பான்." எங்களை ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "நீங்களே பதிமூணு பேர் இருக்கீங்களே, ஒரு டீம் போடலாம்" என்றார். என் ஆறு பிடி வகுப்பு வீண்போகவில்லை என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

7. சோறு, தண்ணீர்

மைதானத்தில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காலை டிபனை வழியிலேயே முடித்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் சில, வாழைப்பழம். ஆடும் பிள்ளைக்குப் பாசத்தில் பிரியாணி கட்டிக்கொண்டு போகாதீர்கள், அடுத்த ஆட்டத்தில் அது வெளியே வந்துவிடும். கடைசி ஆட்டம் முடிந்த பிறகு கொடுங்கள். பல்லுக்குப் போடும் மவுத் கார்டு மறந்துவிட்டேன் என்று போன் வரும். வீட்டில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒரு பார்வை பாருங்கள். அது இல்லாமல் பையனை இறக்காமலும் போகலாம்.

கழிப்பறை பெண்களுக்குப் பெரிய பிரச்சினை. கேட்டில் நுழையும்போதே எங்கே, திறந்திருக்கிறதா, சாவி யாரிடம் என்று கேட்டுவிடுங்கள்.

8. திரும்பும் வழி

ஆட்டம் முடிந்ததும் பையன்கள் கடற்கரைக்குப் போகலாம் என்பார்கள். போகலாம். மாலை 6 மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். அதனால் வேனை வெளியே நிறுத்தி, எல்லோரும் சேரும் இடத்தை முடிவு செய்துவிட்டு இறங்குங்கள். காந்தி சிலை என்று மட்டும் சொன்னால் அங்கே ஆயிரம் பேர் நிற்பார்கள், சிலைக்கு எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.

இப்போது அந்த ஓட்டுநர் விஷயம். நாங்கள் கடற்கரையில் இருந்த நேரத்தில் அவர் போய் இரண்டு பாட்டில் வாங்கி, ஸ்டெப்னி டயருக்கு அடியில் துணி சுற்றி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. பாண்டியிலிருந்து தமிழ்நாட்டுக்குள் மது கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், வண்டியையே பறிமுதல் செய்யலாம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ஆல்பேட்டையில் சோதனைச் சாவடி இருப்பது கடலூர்க்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். பையன்களோடு போகும் வண்டியைப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். பார்த்தார்கள்.

பதினோரு பையன்கள் சாலையோரம் வரிசையாக நின்றார்கள். ஒன்றரை மணி நேரம் கேள்வி, எழுத்து, கையெழுத்து. அந்த நேரத்தில் பெற்றோர் கையெழுத்திட்ட தாள்தான் என்னைக் காப்பாற்றியது. யார் பிள்ளைகள், எதற்குப் போனோம் என்று எல்லாம் அதில் இருந்தது. எங்களைப் போகச் சொன்னார்கள், வேனும் ஓட்டுநரும் அங்கேயே. பின்னால் வந்த பஸ்களில் நாலு நாலு பேராக ஏற்றிவிட்டு, கடைசி பஸ்ஸில் நானும் தங்கையும் ஏறினோம்.

எனவே வேன் பேசும்போதே, பாட்டில் ஏறினால் வாடகை கிடையாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். திரும்பும் முன் எல்லோர் எதிரிலும் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி, சீட்டுக்கு அடி, டூல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பஸ்ஸில் வந்தாலும் அறிமுகமில்லாதவர் "இந்தப் பையைக் கொஞ்சம் வச்சிக்கங்க" என்று நீட்டினால் வாங்காதீர்கள். முள்ளோடைப் பக்கம் ஏறுகிறவர்களிடம் குறிப்பாக.

பஸ்ஸில் திரும்புகிறவர்கள் இரவு எட்டரைக்குள் பாண்டி பேருந்து நிலையத்தில் இருங்கள். ஞாயிறு இரவில் அதற்குப் பிறகு பஸ் வந்தாலும் உட்கார இடம் கிடைக்காது, தங்கை முருங்கப்பாக்கத்திலிருந்து கன்னியகோவில்வரை நின்றே வந்தாள், கையில் அந்த நைட்டியும் மகனின் சேறு படிந்த ஜெர்சியும். ஜெர்சியை ராத்திரியே பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள். வெந்நீர் ஊற்றினால் அந்தச் செம்மண் கறை போகவே போகாது.